நம்ம ஊரைப் பார்க்க ஒரு நாள்

(முன்னாள் மாணவர் கூடுகையின் முதல் நாள் மாலை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன மாதம் போன் பண்ணினார். "வெளியூர்லேர்ந்து, வெளிநாட்டுலேர்ந்து நிறைய பேர் குடும்பத்தோட வராங்கப்பா. மறுநாள் ஊர் சுத்திப் பார்க்கணும்னு கேக்கறாங்க. நீ சேதராப்பட்டு தொழிற்பேட்டையிலதானே இருக்கே? உள்ளூர்க்காரன். எதைப் பார்க்கணும்னு அரை மணி நேரம் பேசு" என்றார். சேதராப்பட்டிலிருந்து கடற்கரை சுமார் 15 கிலோமீட்டர். அதற்குள் தமிழ்நாடு, புதுச்சேரி என்று எல்லைப் பலகை மாறி மாறி வரும். அந்த வழியில் தினமும் போய் வருகிறவன் என்ற ஒரே தகுதியோடு இங்கே நிற்கிறேன்.

நம் ஆட்கள் இப்போது ஐரோப்பா நிறையப் போகிறார்கள். சந்தோஷம். இத்தாலியிலே கடலோர ஊர் ஒன்றுக்குப் போய்விட்டு வந்தால் ஐந்நூறு போட்டோ காட்டுகிறார்கள். பழைய துறைமுகம், கல் பாவிய தெரு, மஞ்சள் சுவர், சர்ச், மணிக்கூண்டு, மீன் சாப்பாடு. "அங்கெல்லாம் எப்படிப் பாதுகாக்கறாங்க தெரியுமா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுண்டு: "அரிக்கமேடு போயிருக்கீங்களா?" பத்தில் எட்டுப் பேர் போனதில்லை. இதே ஊரில் நான்கு வருஷம் படித்தவர்கள்!

ஆகவே என் உரையை அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இத்தாலியிலிருந்து வந்த பானை

ஊருக்குத் தெற்கே சுமார் 4 கிலோமீட்டரில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது அரிக்கமேடு. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: போனதும் பிரமிக்க அங்கே ஒன்றும் இல்லை. தோப்பு, மேடு, ஆறு, சில செங்கல் சுவர்கள். அந்தச் சுவர்களைப் பார்த்து "ஆகா, ரோமானியர் கட்டினது" என்று படம் எடுத்துவிடாதீர்கள். அவை 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு கிறிஸ்தவ மிஷன்காரர்கள் கட்டிய கட்டடத்தின் மிச்சம். விஷயம் முழுக்க மண்ணுக்கு அடியில் இருக்கிறது.

1930-களில் ழூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர் இங்கே கிடைத்த மணிகளையும் பானை ஓடுகளையும் சேகரித்தார். 1945-இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக இருந்த மார்ட்டிமர் வீலர் முறையாகத் தோண்டினார். பிறகு 1940-களின் கடைசியில் கசால் என்ற பிரெஞ்சுக்காரர், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி. கிடைத்தவை என்ன? மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து மதுவும் எண்ணெயும் மீன் ஊறலும் வந்த கூரடி ஜாடிகள். தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகள். கண்ணாடி மணிகள், கல்மணிகள். இவற்றோடு, இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்தில் செய்யப்பட்ட வழவழப்பான சிவப்புத் தட்டுகளின் துண்டுகள். செய்தவர் முத்திரையோடு!

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது, சிவில் படித்தவர்களுக்குச் சட்டென்று புரியும். சர்வே எடுக்கும்போது முதலில் எதைத் தேடுவோம்? பெஞ்ச் மார்க்கை. உயரம் தெரிந்த ஒரு புள்ளி கிடைத்துவிட்டால் மற்ற எல்லாவற்றையும் அதை வைத்துக் கணக்கிடலாம். அரெஸ்ஸோ தட்டுகள் எந்தக் காலத்தில் செய்யப்பட்டன என்பது இத்தாலியில் ஏற்கெனவே தெரியும்: ஏறக்குறைய கி.மு. முதல் நூற்றாண்டின் பின்பகுதியிலிருந்து கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை. அதே மண் அடுக்கில் நம்முடைய பானை ஓடும் கிடந்தால் நம் ஓட்டுக்கும் வயது தெரிந்துவிடுகிறது. அதுவரை தென்னிந்தியத் தொல்லியலுக்கு இப்படி உறுதியான ஒரு தேதி இல்லாமல் இருந்தது. அரிக்கமேடுதான் அந்த பெஞ்ச் மார்க். இந்த ஊரில் ரோமானியர் வருவதற்கு முன்பும் மக்கள் வாழ்ந்தார்கள், அவர்கள் வரவு குறைந்த பிறகும் வாழ்ந்தார்கள் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. கிரேக்க மாலுமி ஒருவர் எழுதி வைத்த கடல்வழிக் குறிப்பில் வரும் 'பொதுகே' என்ற துறைமுகம் இதுதான் என்பது அறிஞர்கள் பலர் கருத்து.

எனவே குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு முதலில் பாரதி பூங்கா பக்கத்து அருங்காட்சியகத்தில் அந்த ஓடுகளைக் காட்டுங்கள். அப்புறம் அரிக்கமேடு போங்கள். வெறும் மேடு அப்போது வெறும் மேடாகத் தெரியாது.

தெருக்கள் சொல்லும் கதை

இனி ஊருக்குள் வருவோம். பிரெஞ்சுக் கம்பெனிக்காக பிரான்சுவா மர்த்தேன் இங்கே குடியேற்றம் அமைத்தது 1674-இல். 1693-இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்துக்கொண்டார்கள். 1699-இல் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்த ஆறு வருஷத்துக்குள் அவர்கள் வரைந்த நேர்கோட்டுத் தெருத் திட்டம்தான் இன்றைக்கும் நாம் நடக்கிற தெருக்களுக்கு அடிப்படை. "பிரெஞ்சுக்காரன் என்ன அழகா தெரு போட்டான் பாரு" என்று சொல்லும்போது டச்சுக்காரனுக்கும் கொஞ்சம் பங்கு கொடுங்கள்.

1761-இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துக் கோட்டையையும் வீடுகளையும் தரைமட்டமாக்கினார்கள். 1765-இல் பிரெஞ்சுக்காரர் திரும்பி வந்து பழைய தெருக்கோட்டின் மேலேயே மறுபடி கட்ட ஆரம்பித்தார்கள். நாம் இன்று பார்க்கும் பெரும்பாலான பழைய கட்டடங்கள் அதற்குப் பிந்தியவை. அழிவுக்கு முந்தைய ஊரைப் பார்க்க வேண்டும் என்றால் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைத்தான் புரட்ட வேண்டும். துய்ப்ளேக்ஸிடம் துபாஷாக இருந்த அவர் 1736-லிருந்து 1761 வரை எழுதி வைத்தார். சந்தை விலை, சண்டை, கப்பல் வரவு, யார் யாரைப் பற்றி என்ன சொன்னார்கள், எல்லாம் அதில் உண்டு. அவர் வாழ்ந்த வீடு அவர் பெயர் கொண்ட தெருவில் இன்னும் நிற்கிறது.

பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் பகுதி, மேற்கே தமிழர் பகுதி. சுற்றுலாப் பயணிகள் கிழக்கே மட்டும் சுற்றி, மஞ்சள் சுவர் முன்னால் செல்ஃபி எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யக் கூடாது. மேற்கே வைசியாள் வீதிக்குப் போங்கள். தெருவோடு தெருவாகத் தாழ்வாரம், அதன் பின்னால் திண்ணை, உள்ளே முற்றம். சில வீடுகளில் கீழே தமிழ் வீடு, மாடியில் பிரெஞ்சு பாணியில் வளைவு ஜன்னலும் தூணும். அந்தக் கலப்பு வெள்ளையர் பகுதியில் கிடைக்காது.

வைசியாள் வீதியிலும் ஓர் இத்தாலித் தொடர்பு உண்டு. 2000-த்தின் தொடக்க வருஷங்களில் ஐரோப்பிய ஒன்றியத்தின் 'ஆசியா உர்ப்ஸ்' திட்டத்தில் புதுச்சேரியோடு கூட்டாளிகளாகச் சேர்ந்தவை இரண்டு ஊர்கள்: பிரான்சின் வீல்னவ் சூர் லோ, இத்தாலியின் உர்பீனோ. அந்தத் திட்டத்தில் 'இன்டாக்' அமைப்பு இந்த வீதியின் முகப்புகளைப் பழையபடி சீரமைத்தது. வீட்டுக்காரர்களும் செலவில் பங்கெடுத்தார்கள். 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் இந்த வேலைக்கு அங்கீகாரம் கிடைத்தது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் தட்டு அனுப்பிய நாடு, திண்ணையைக் காப்பாற்றவும் கை கொடுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பாரதியார் 1908-இல் இங்கே வந்து பத்து வருஷம் தங்கிய ஊர் இது. ஈசுவரன் தருமராஜா கோயில் தெருவில் அவர் இருந்த வீடும், பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசன் வீடும் நினைவகங்களாக உள்ளன. மணக்குள விநாயகர் கோயில், 1791-இல் கட்டி முடித்த சம்பா கோயில், முல்லா வீதிப் பள்ளிவாசல் எல்லாம் நடந்து போகும் தூரத்தில்தான். பட்டியல் படிக்க நான் வரவில்லை, கையேட்டில் அச்சடித்துத் தந்திருக்கிறார்கள். நம் தொழிலுக்கு நெருக்கமான ஒன்றை மட்டும் சொல்கிறேன். பாரதி பூங்கா நடுவே வெள்ளை மண்டபம் ஒன்று இருக்கிறதே, அது ஆயி மண்டபம். தன் வீட்டை இடித்துக் குளம் வெட்டிய ஆயி என்ற தாசியின் கதை அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மண்டபம் எழுப்பியதோ மூன்றாம் நெப்போலியன் காலத்தில், முத்திரைப்பாளையத்திலிருந்து ஊருக்குக் குடிநீர் வந்து சேர்ந்ததன் நினைவாக. அந்த வேலையைச் செய்தவர் லாமரேஸ் என்ற பொறியாளர். ஒரு குடிநீர்த் திட்டத்துக்கு இவ்வளவு அழகான நினைவுச் சின்னம் எழுப்பிய ஊர் நம் ஊர். நம்ம வேலைக்கு இப்போதெல்லாம் திறப்பு விழாக் கல்வெட்டு மட்டும்தான், அதிலும் நம் பேர் இருக்காது!

சுவரும் மூச்சு விடும்

பழைய கட்டடம் ஏன் விழுகிறது? 2014 நவம்பர் 29-ஆம் தேதி கடற்கரைச் சாலையில் இருந்த மேரி கட்டடம், 1870-களின் தொடக்கத்திலே எழுந்த நகராட்சி மாளிகை, மழையில் இடிந்து விழுந்தது. பின்பு உலக வங்கி நிதியில் அதே தோற்றத்தில் கட்டி 2021-இல் திறந்தார்கள். இன்றைக்குப் பார்த்தால் ஜொலிக்கிறது. ஆனால் காலத்தில் பராமரித்திருந்தால் நிஜமான கட்டடமே நம்மிடம் இருந்திருக்கும்.

மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். அது ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் வெளியே விடும். அதாவது மூச்சு விடும். நாம் என்ன செய்கிறோம்? "பூச்சு உதிர்ந்து போச்சு, சிமெண்ட் பூசிடு" என்கிறோம். சிமெண்ட் பூச்சு அந்த மூச்சை அடைத்துவிடும். ஈரம் உள்ளேயே தங்கும். கடலோர ஊர், ஈரத்தோடு உப்பும் இருக்கும். உப்பு உள்ளே படிகமாகிச் செங்கல்லையே பொடியாக்கும். மேல்தளம் மெட்ராஸ் டெரஸ்: மர உத்தரத்தின் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துவாட்டில் சாய்வாக அடுக்கி, சுண்ணாம்புக் கலவை போட்டு இடித்துக் கெட்டித்தது. மேலே ஒழுகினால் உத்தரத்தின் சுவர்முனை மக்கும். வெளியே ஒன்றும் தெரியாது, ஒரு மழையில் மொத்தமாக இறங்கும். ஆக முதல் எதிரி காலம் அல்ல. அடைத்துப்போன மழைநீர்க் குழாய்!

1990-களில் எடுத்த கணக்கில் ஊருக்குள் சுமார் 1,800 மரபுக் கட்டடங்கள் இருந்தன. பின்னால் எண்ணியபோது அதில் பல நூறு காணவில்லை. இடித்தவர்கள் யாரும் வில்லன்கள் இல்லை. அண்ணன் தம்பி பாகப் பிரிவினை, பராமரிப்புச் செலவு, வாடகைக் கணக்கு. இந்த அரங்கத்திலேயே அப்படி ஒரு வீட்டில் பங்குள்ளவர்கள் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களை "விற்காதே" என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. இடிக்கிறவரிடம் மதிப்பீடு கேட்பதற்கு முன்னால், சுண்ணாம்பு வேலை தெரிந்த பொறியாளர் ஒருவரிடம் ஒரு தடவை காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன். பல நேரங்களில் நாலு உத்தரம் மாற்றினாலே போதுமான வீட்டை, "வீடே போச்சு" என்று எழுதிவிடுகிறார்கள்.

மணல் எங்கே போனது?

கடைசியாகக் கடற்கரை. நாளை விடிகாலையிலேயே போய்விடுங்கள். நம் கடல் கிழக்கே இருக்கிறது, சூரியன் கடலிலிருந்து எழுவான். மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 மணி வரை அந்தச் சாலையில் வண்டிகள் கிடையாது. செஞ்சியிலிருந்து வந்த கல்தூண்கள் சூழ நிற்கும் காந்தி சிலை, 1836-இல் ஏற்றிய பழைய கலங்கரை விளக்கம், முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கான நினைவிடம், எல்லாம் ஒரே நேர்கோட்டில் வரும்.

ஆனால் இங்கே உட்கார்ந்திருக்கும் மூத்த செட் அண்ணன்மார்கள் நாளை ஒன்றைத் தேடுவார்கள். மணல். "டேய், காந்தி சிலை கிட்ட கபடி ஆடியிருக்கோம்டா" என்பார்கள். நான் அந்த மணலைப் பார்த்ததே இல்லை. எனக்குத் தெரிந்த பீச் கருங்கல் கொட்டிய பீச். மணல் போன கதை என் பிறப்புச் சான்றிதழோடு ஒட்டியது: அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள் முடிந்தது 1989-இல். எனக்கும் அவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

நடந்தது இதுதான். நம் கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்து அலைகள் அதை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் தெற்கே வரும். கூட்டிக் கழித்தால் வருஷத்துக்கு லட்சக்கணக்கான கன மீட்டர் வடக்கே போகிறது. கரை என்பது ஓடிக்கொண்டே இருக்கிற ஒரு மணல் ஆறு. அதன் குறுக்கே சுவர் கட்டினால், தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் சேரும், வடக்கே பட்டினி. இது கட்டும்போதே தெரிந்த விஷயம்தான். தெற்கே சேரும் மணலை எடுத்துக் குழாய் வழியே வடக்கே கொண்டுபோய் விடுவதும் திட்டத்திலேயே இருந்தது. (பத்திரிகையில் வருகிற மணல் கடத்தல் இல்லை, இது நல்ல கடத்தல்!) கட்டுமானம் நடந்தது, மணலை மாற்றிவிடும் வேலை ஒழுங்காகத் தொடரவில்லை.

ஊர்க் கடற்கரையின் மணல் போனது. கரையைக் காக்கக் கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடம் நின்றது, அரிப்பு அதற்கு வடக்கே நகர்ந்தது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர், அப்புறம் எல்லை தாண்டித் தமிழ்நாட்டில் தந்திராயன்குப்பம். கடலுக்கு எல்லைப் பலகை தெரியாது. அங்கங்கே தூண்டில் வளைவு போட்டால் அதற்கு அடுத்த குப்பம் கேட்கிறது, "எங்களுக்கு?" என்று. மீனவருக்குக் கரை என்பது காற்று வாங்கும் இடம் அல்ல. படகு நிறுத்தவும், வலை உலர்த்தவும், மீன் காய வைக்கவும் அதுதான் இடம். 2022 மார்ச்சில் பழைய துறைமுகப் பாலத்தின் ஒரு பகுதியும் கடலில் விழுந்தது.

நல்ல செய்தியும் இருக்கிறது. தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஓர் எஃகுத் தடுப்பை 2018-இல் மூழ்க வைத்தது. அலையின் வேகத்தை உடைத்து மணலைத் தங்க வைக்கும் செயற்கைப் பவளத்திட்டு மாதிரி. அதன் பின்னால் மணல் சேர்ந்தது. ஒரு தலைமுறைக்குப் பிறகு ஊர்ப் பிள்ளைகள் அங்கே கால் நனைத்தார்கள். எது கெடுத்தது? பொறியியல். எது கொஞ்சம் திருப்பிக் கொடுத்தது? அதுவும் பொறியியல்தான். ஒரு கட்டுமானத்தின் ஆயுள் முழுக்கச் செய்ய வேண்டிய வேலையை, திறப்பு விழாவோடு முடிந்ததாக நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடப்புத்தகம் தேவையில்லை. அது நம் வாசலிலேயே விரிந்து கிடக்கிறது.

மூன்று வேண்டுகோள்

முன்னாள் மாணவர்களுக்கு: வீட்டில் பழைய ஆல்பம் இருக்கும். கடற்கரையில் எடுத்த குரூப் போட்டோ எதுவானாலும், எடுத்த வருஷம் எழுதி, ஒரு பிரதியைச் சங்கத்துக்கு அனுப்புங்கள். உங்களுக்கு அது நினைவு. கரை எங்கே இருந்தது என்று அளப்பவனுக்கு அது ஆதாரம். பின்னால் ஒரு கலங்கரை விளக்கமோ தூணோ தெரிந்தால் போதும், தூரம் கணக்கிட்டுவிடலாம்.

இந்நாள் மாணவர்களுக்கு: லெவலும் ஸ்டாஃபும் துறையில் இருக்கின்றன. மாதம் ஒரு நாள், ஒரே இடத்திலிருந்து, கரையின் குறுக்குவெட்டை அளந்து பதிவேட்டில் எழுதுங்கள். ஒரு செட் போனால் அடுத்த செட் தொடர வேண்டும். பத்து வருஷப் பதிவேடு ஒன்று கையில் இருந்தால், எந்தக் கூட்டத்திலும் நம் கல்லூரியின் பேச்சுக்கு எடை இருக்கும்.

எல்லோருக்கும்: நேரம் இருந்தால் மூன்றாம் நாள் எங்க பக்கமும் வாருங்கள். சேதராப்பட்டில் என்ன இருக்கிறது, தொழிற்சாலைதானே என்பீர்கள். அந்தச் சுற்றுவட்டாரத்து நிலத்தடிப் பாறைகளில் ஏறக்குறைய 7 கோடி வருஷத்துக்கு முந்தைய கடற்சிப்பிகளின் படிவங்கள் இருக்கின்றன. 1840-களிலிருந்து புவியியல் அறிஞர்கள் இந்தப் பகுதியைத் தேடி வந்திருக்கிறார்கள். அதாவது நாங்கள் லேத் ஓட்டுகிற இடத்தில் ஒரு காலத்தில் கடல் ஓடியது. இன்னும் கொஞ்சம் மேற்கே போனால் திருவக்கரையில் கல்லாகிப் போன மரங்கள் படுத்துக் கிடக்கின்றன. கையில் எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள், கண்ணால் பாருங்கள்.

வெளிநாடு போகிற நண்பர்கள் தாராளமாகப் போங்கள். இத்தாலி பாருங்கள், அவர்கள் எப்படிப் பராமரிக்கிறார்கள் என்பதைக் குறிப்பெடுத்துக்கொண்டு வாருங்கள். வந்து அதை இங்கே செய்யுங்கள். நாளை காலை 5.30 மணிக்குப் பேருந்து கல்லூரி வாசலில் புறப்படும். ஹாஸ்டல் வாசிகளே, உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்!